ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் டவுன் சிண்ட்ரோமும் ஆட்டிசமும்: வடசென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் ஒரு கூடம், இரண்டு அறை உள்ள வீடு எங்களுடையது. மாமியாரோடு சேர்த்து எட்டுப் பேர். ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவனுக்கு ஆட்டிசம்; பேசுவதும் பிறரோடு பழகுவதும் வேறு மாதிரி இருக்கும் வளர்ச்சி நிலை அது. இப்போது 16 வயது. கடைக்குட்டிப் பெண்ணுக்கு டவுன் சிண்ட்ரோம், 9 வயது. மற்ற மூவரும் படிக்கிறார்கள்.

பெரிய குடும்பத்தில் பணம் தீர்வதற்கு முன்பே நேரம் தீர்ந்துவிடும். தெரபி மையத்தில் சொல்வது போல ஒரு பிள்ளையோடு தினமும் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார எங்களைப் போன்ற வீடுகளில் முடியாது. ஒருவன் டியூஷனுக்குக் கிளம்புவான், ஒருத்திக்குத் தலை பின்ன வேண்டும், தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்து வைக்க வேண்டும். அதனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது, எதை விட்டுவிடலாம் என்கிற வரிசை தெரிந்திருக்க வேண்டும். அது எனக்குப் பிடிபட ஆறேழு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

டவுன் சிண்ட்ரோம் என்று சொன்னவுடன்: எக்கோ (இதய ஸ்கேன்)

பெரும்பாலும் பிரசவ வார்டிலேயே சந்தேகத்தைச் சொல்லிவிடுவார்கள். அதை உறுதி செய்வது காரியோடைப் என்ற ரத்தப் பரிசோதனை. உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் பரம்பரைத் தகவலைச் சுமக்கும் குரோமோசோம்கள் வழக்கமாக 46 இருக்கும். இவர்களில் பெரும்பாலோருக்கு 21-ஆம் எண் குரோமோசோம் ஒன்று கூடுதலாக வந்து 47 ஆகியிருக்கும். பெரும்பாலும் முட்டையோ விந்தணுவோ உருவாகும்போதே தற்செயலாக நேர்வது இது. கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்டதும் காரணமில்லை, கிரகணமும் காரணமில்லை. என் மாமியார் முதல் மாதம் முழுக்க "எங்க வம்சத்துல இப்படி யாரும் இல்லையே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரையும் டாக்டரிடம் அழைத்துப் போய் உட்கார வைத்தோம். டாக்டர் வாயால் கேட்ட பிறகு அந்தப் பேச்சு நின்றது. உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் ஒருமுறை அழைத்துப் போங்கள்.

சிலருக்கு மட்டும் ரிப்போர்ட்டில் 'டிரான்ஸ்லொக்கேஷன்' என்று இருக்கும். கூடுதல் 21-ஆம் குரோமோசோம் இன்னொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் தாய், தகப்பன் இருவரும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வகை குடும்ப வழியாகவும் வரக்கூடும். அடுத்த பிள்ளைக்கும், நாளைக்கு உங்கள் மூத்த பிள்ளைகளுக்குப் பிறக்கும் குழந்தைகளுக்கும் அது சம்பந்தப்பட்டது. பிள்ளைகள் அதிகமுள்ள வீடு இந்த ஒரு வரியைப் படிக்காமல் ரிப்போர்ட்டை மடித்து வைக்கக் கூடாது.

ஆனால் ரிப்போர்ட் வரட்டும் என்று எக்கோவைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் குறை இருக்கும். ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்கவில்லை என்பதால் குறை இல்லை என்று ஆகிவிடாது. முதல் மாதத்துக்குள் எக்கோ எடுத்துவிடுங்கள். பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ, எடை ஏறாவிட்டாலோ ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள். இதயத்தில் உள்ள சில துளைகளை முதல் ஆறு மாதத்துக்குள் மூட வேண்டியிருக்கும். தாமதமானால் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி, அப்புறம் ஆபரேஷனே செய்ய முடியாத நிலை வந்துவிடும். கடைக்குட்டிக்கு ஐந்தாம் மாதம் ஆபரேஷன் நடந்தது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கையில் இருந்ததால் தாலியை அடகு வைக்காமல் தப்பினோம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அந்தத் திட்டம் தாங்கும். அட்டை இல்லாதவர்கள் ராஜாஜி சாலையில் உள்ள கலெக்டர் ஆபீசில், குழந்தைக்கு எந்தப் பிரச்சினையும் வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள்.

அடுத்தது தைராய்டு. பிறந்தபோது, ஆறாம் மாதம், ஒரு வயதில், அதற்குப் பிறகு ஆண்டுக்கொருமுறை. காதும் கண்ணும் தொடர்ந்து பார்க்கப்பட வேண்டும். காதுக்குள் நீர் கோத்துக்கொண்டு சரியாகக் கேட்காமலே இருந்த குழந்தையை, புத்தி மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். குறட்டை விட்டால், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால், கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். கழுத்து எலும்பு தளர்வாக இருக்க வாய்ப்புண்டு. அதனால் அண்ணன்மார் தூக்கிப் போட்டுப் பிடிப்பது, குட்டிக்கரணம் அடிக்க வைப்பது இதெல்லாம் வேண்டாம். நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளையின் நடை திடீரென மாறினாலோ, கை கால் பலம் குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தடுப்பூசிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் போல அப்படியே.

தசை தளர்ச்சியால் பால் குடிக்க நேரம் எடுக்கும். தாடைக்கு அடியில் ஒரு விரலால் தாங்கிக்கொண்டு கொடுத்தால் கொஞ்சம் எளிது. மற்ற நான்கு பேருக்கும் கால் மணி நேரத்தில் முடிந்தது இவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அந்த மூன்று மாதம் சமையலை முழுக்க மாமியாரிடமும் கணவரிடமும் விட்டுவிட்டேன். ருசியைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி வைத்தேன். நடக்க இரண்டு வயது ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். பயப்படாதீர்கள், பிசியோவை மட்டும் விடாதீர்கள்.

ஆட்டிசம்: பெரிய வீட்டில் அது ஒளிந்துகொள்ளும்

மூன்றாமவன் விஷயத்தில் நாங்கள் ஒன்றரை வருடத்தைத் தொலைத்தோம். காரணம் வீட்டில் ஆள் அதிகம். அவன் எதையும் கேட்க வேண்டியதே இல்லை. தண்ணீர்க் குடத்துப் பக்கம் போனாலே அக்கா மொண்டு கொடுத்துவிடுவாள், பிஸ்கட் டப்பாவைப் பார்த்தாலே அண்ணன் திறந்துவிடுவான். அவன் கேட்கவே இல்லை என்பது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று தெருவே சொன்னது.

ஒன்றரை வயதில் பார்க்க வேண்டியவை இவை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? வானத்தில் விமானம் போனால் விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறதா? நீங்கள் காட்டும் பக்கம் பார்க்கிறதா? இருந்த சொற்கள் காணாமல் போகின்றனவா? ஒரு நாள் முழுக்க யாரும் எதையும் தானாக எடுத்துக் கொடுக்காமல் இருந்து பாருங்கள். அன்றைக்கே பாதி தெரிந்துவிடும்.

முதலில் காது கேட்கிறதா என்று டெஸ்ட். அதற்குப் பிறகு ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் போய், அங்கே லைன் மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். ஆரம்ப நிலைத் தலையீட்டு மையத்துக்கு அவர்களே சீட்டு எழுதித் தருவார்கள்.

ஆட்டிசத்தை ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ காட்டாது. குழந்தையின் நடத்தையைப் பார்த்து, உங்களிடம் கேட்டு, மதிப்பெண் போட்டுத்தான் சொல்வார்கள். தடுப்பூசியால் வருவதில்லை. குணமாக்கும் மருந்தும் இல்லை. ஸ்டெம் செல் ஊசி, உடம்பிலுள்ள உலோகத்தை வெளியேற்றும் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் கேட்பவர்கள் வருவார்கள். ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அந்தப் பணம் உங்கள் ஐந்து பிள்ளைகளின் பணம்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கே ஆட்டிசமும் சேர்ந்து இருக்கலாம். இந்தக் குழந்தைகள் பொதுவாக முகம் பார்த்துச் சிரிப்பார்கள், ஒட்டிக்கொள்வார்கள். உங்கள் குழந்தை ஆட்களிடமே ஆர்வம் காட்டவில்லை என்றால், "டவுன் சிண்ட்ரோம் என்றால் இப்படித்தான்" என்று விட்டுவிடாமல் தனியாக மதிப்பீடு கேளுங்கள்.

பேப்பர் வேலை

பிள்ளைக்கு ஒரு ஃபைல், வேறு வேறு நிறத்தில். இரண்டு பிள்ளைகளின் ரிப்போர்ட்டும் ஒரே பையில் கலந்து, ஒரு முறை கவுன்டர் வரை போய்த் திரும்பி வந்தேன். ஒரு நாள் கூலியும் போனது, பையனை வரிசையில் நிற்க வைத்த பாடும் வீணானது. ஃபைலில் ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆறு போட்டோ, எல்லாவற்றிலும் ஐந்து ஜெராக்ஸ்.

முதலில் வாங்க வேண்டியது மாற்றுத்திறனாளி சான்றிதழும் யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும். இ-சேவை மையத்தில் ஆன்லைனில் பதிந்துகொள்ளலாம். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். ஐ.க்யூ. டெஸ்ட்டுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்பினால் மனம் கலங்காதீர்கள். அந்த ஊர்ப் பெயரை வசைச் சொல்லாகவே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எனக்கும் அன்று கண் கலங்கியது. உள்ளே ஒரு மேசை, கட்டைகள், படங்கள், பொறுமையான ஒரு சைக்காலஜிஸ்ட், அவ்வளவுதான். சிறு வயதில் கொடுக்கும் சான்றிதழ் பெரும்பாலும் தற்காலிகம். அது முடியும் தேதியை ஃபைல் அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

அட்டை வந்ததும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபிச் செலவுக்கும் அதில் இடமுண்டு. சாதாரண மாநகரப் பேருந்தில் பிள்ளைக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. ரயிலில் துணையோடு போனால் ஸ்லீப்பரில் 75 சதவீதச் சலுகை. துறைமுகத்திலோ ரிஃபைனரியிலோ சம்பள வேலையில் இருந்து பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்கள் மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பராமரிப்புக்காக வருமானத்தில் 75,000 ரூபாய், கடுமையான பாதிப்புக்கு 1,25,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம்.

தெரபி எங்கே, எவ்வளவு

பெயர் கேட்ட மையங்கள் பல தென்சென்னையில் இருக்கின்றன. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர், தி. நகரில் மதுரம் நாராயணன் மையம், இன்னும் தெற்கே முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கிய மத்திய அரசின் பல்வகைக் குறைபாடு நிறுவனம். திருவொற்றியூரிலிருந்தோ கொடுங்கையூரிலிருந்தோ வாரத்துக்கு மூன்று நாள் அங்கே போய் வந்தால், வீட்டிலிருக்கும் மற்ற பிள்ளைகளுக்கு அம்மா என்று ஒருத்தி இருக்க மாட்டாள். நான் எட்டு மாதம் அப்படி அலைந்தேன். பையன் பஸ்ஸிலேயே களைத்து, அங்கே போய் அழுவான்.

இப்போது என் யோசனை இது. பெரிய மையத்தில் முழு மதிப்பீட்டை ஒருமுறை செய்யுங்கள். அங்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்த் திட்டத்தைப் புதுப்பியுங்கள். வாரா வாரம் போகும் தெரபியை நடந்து போகும் தூரத்திலோ ஒரே பஸ்ஸில் போகும் தூரத்திலோ பாருங்கள். தெரபிஸ்ட்டிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த வாரம் வீட்டில் நான் என்ன செய்யட்டும்?" கதவைச் சாத்திக்கொண்டு செய்து, அதைச் சொல்லித்தராத இடம் நமக்கு உதவாது.

வீட்டு வேலையே பாதி தெரபி. ஓ.டி. என்கிற ஆக்குபேஷனல் தெரபியில் (அன்றாட வேலைகளுக்கு உடம்பைப் பழக்கும் பயிற்சி) செய்யச் சொல்வதெல்லாம் நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கின்றன: பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, துணி பிழிவது. மூன்றாமவன் மாலையில் கீழேயிருந்து மாடிக்கு நான்கு குடம் தண்ணீர் தூக்குவான். கனமான வேலை அவன் உடம்பை அமைதிப்படுத்துகிறது; அன்றைக்கு இரவு தூங்கிவிடுகிறான். கடைக்குட்டிக்குப் பூ கட்ட இன்னும் வரவில்லை. ஆனால் மல்லிகையை இரண்டிரண்டாக எடுத்துப் பாட்டி முன்னால் அடுக்கி வைப்பாள். எண்ணுவதும் அதில்தான் வந்தது.

பேச்சு வராத பிள்ளைக்குப் படங்கள் வையுங்கள். வீட்டுப் பொருள்களையே செல்போனில் படம் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டு லேமினேட் செய்து, பீரோ கதவில் காந்தத்தால் ஒட்டினோம். தண்ணீர், தயிர் சாதம், வெளியே, கழிவறை, அப்புறம் 'போதும்'. இந்த 'போதும்' படத்தை விட்டுவிடாதீர்கள். அதைக் காட்டத் தெரிந்த பிறகு அவன் தலையைச் சுவரில் மோதுவது வெகுவாகக் குறைந்தது. படம் வைத்தால் பேச மாட்டான் என்று சொல்வார்கள். படம் பேச்சுக்கு இடைஞ்சல் செய்வதில்லை. அன்றைய நாள் எப்படிப் போகும் என்பதையும் படமாகவே வரிசையில் ஒட்டிவிடுங்கள்.

சத்தமும் தெருவும்

நம் பகுதியில் சத்தத்துக்கு முன்னறிவிப்பு கிடையாது. சாவு மேளம், ஊர்வலத்துப் பட்டாசு, ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது கட்டும் ஒலிபெருக்கி. தொழிற்சாலையில் மாட்டும் காதுக் கவசம் பாரிமுனைப் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். ஒன்று வீட்டுக் கதவருகே, ஒன்று பையில். ஆடி வருவதற்கு முன்பே கோவில் கமிட்டிக்காரரிடம் போய், "அண்ணா, ஸ்பீக்கரை எங்க ஜன்னல் பக்கம் திருப்பாதீங்க" என்று சொல்லிவிடுவேன். இதுவரை அவர் மறுத்ததில்லை.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் சட்டென்று வெளியே நடந்துவிடுவார்கள். தண்ணீர் அவர்களை இழுக்கும். இங்கே ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள், கொருக்குப்பேட்டையில் ரயில் பாதை. எங்கள் பையன் ஏழு வயதில் ஒரு மதியம் காணாமல் போனான். வீட்டில் ஏழு பேர் இருந்தோம். ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்துக்கொள்வதாக நினைத்திருந்தோம். காசிமேட்டில் வலை உலர்த்தும் இடத்தில், அலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு மீனவ அண்ணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, யாராவது தேடி வருவார்கள் என்று காத்திருந்தார்.

அன்று முதல் ஒரு சாவிக் கயிறு வைத்தோம். அதைக் கழுத்தில் போட்டிருப்பவர்தான் அந்த நேரத்துக்குப் பொறுப்பு. கயிறு கைமாறும்போது வாய்விட்டு "நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். கதவின் மேல் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். சட்டையின் உள்பக்கம் நம் போன் நம்பர். தினமும் காலையில் அன்றைய உடையோடு ஒரு போட்டோ. டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, மீன் விற்கும் அக்கா, எல்லோரிடமும் பிள்ளையை நேரில் காட்டிச் சொல்லி வையுங்கள். காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் இருக்கும் பக்கம் ஓடுங்கள். மற்றொருவர் 112-க்கோ 1098-க்கோ போன் செய்யட்டும்.

பள்ளி

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. ஒரு தனியார் பள்ளியில் கடைக்குட்டியைப் பார்த்ததும் "இடம் முடிந்துவிட்டது" என்றார்கள். அக்காள் படித்துக்கொண்டிருந்த பள்ளிதான் அது. மறுப்பதாக இருந்தால் எழுதித் தரச் சொல்லுங்கள். நாங்கள் பிறகு மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தோம். அங்கே வட்டார வள மையத்திலிருந்து ஸ்பெஷல் எஜுகேட்டர் வருகிறார். பள்ளிக்கே போக முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் ஏற்பாடும் உண்டு, தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

மற்ற பிள்ளைகள்

நான்காமவளை நான் இரண்டாவது அம்மாவாக ஆக்கிவிட்டேன். தங்கையைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, அண்ணன் இரவில் எழுந்தால் கூட உட்கார்ந்திருப்பது. பத்து வயதில் வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் உறைத்தது. அவள் ஒரு முறைகூட முடியாது என்று சொன்னதில்லை. சொல்லாத பிள்ளையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

அப்புறம் இரவுக் காவலை நானும் கணவரும் அவருடைய ஷிப்டுக்கு ஏற்பப் பிரித்துக்கொண்டோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவோ அப்பாவோ தனியாக. எம்.சி. ரோட்டில் துணி எடுப்பதோ வீட்டு மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருப்பதோ போதும். அவர்கள் புத்தகங்களுக்கு மூன்றாமவன் கை எட்டாத ஒரு பூட்டிய அலமாரி. நண்பர்களை வீட்டுக்கு அழைத்து வர வெட்கப்பட்டால் திட்டாதீர்கள். அவர்களிடம் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு வாக்கியம் போதும்: "என் அண்ணனுக்கு ஆட்டிசம், சத்தம் பிடிக்காது, மெதுவாப் பேசு." உறவினர் யாராவது அவர்கள் காது கேட்க "உங்களுக்குப் பிறகு இதுங்கதானே பார்க்கணும்" என்று ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

அந்தக் கேள்வியை நாம் கேட்க ஒரு நேரம் வரும். 18 வயதானால் சட்டப்படி நம் பிள்ளையும் மேஜர். வங்கிக் கணக்கு, சொத்து போன்றவற்றுக்குச் சட்டப்பூர்வ பாதுகாவலரை 1999-ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் கீழ், கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து நியமிக்கலாம். ஆட்டிசத்துக்கும் அறிவுசார் குறைபாட்டுக்கும் இது பொருந்தும். 17 முடியும்போதே பேப்பர்களைத் தயார் செய்ய ஆரம்பியுங்கள்.

எங்கள் பையனுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. போன மாதம் மூத்தவளிடம், எங்களுக்குப் பிறகு உன் பெயரை எழுதலாமா என்று கேட்டோம். "நான் படிச்சு முடிச்சு, எங்க வேலை கிடைக்குதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்மா" என்றாள். சரி என்றோம். இப்போதைக்கு ஃபைலில் எங்கள் இருவர் பெயரும் மட்டும் இருக்கின்றன. மூன்றாவது வரி காலியாக இருக்கிறது.